ஓரச் சீட்டு

விருது விழாவுக்கு வருகிற நடிகர்கள் முதலில் மேடையைப் பார்ப்பதில்லை; தங்கள் நாற்காலியைப் பார்க்கிறார்கள். அது நடைபாதையை ஒட்டியிருந்தால் முகம் மலர்ந்துவிடும். வரிசையின் நடுவில் இருந்தால், சிரித்த முகம் மாறாமலே, விழா எத்தனை மணிக்கு முடியும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் விசாரிப்பார்கள். காரணம் எளியது. பெயர் அழைக்கப்பட்டவர் இசை ஓய்வதற்குள் மேடையேற வேண்டும். நடுவில் இருப்பவர் அத்தனை முழங்கால்களைத் தாண்டி, அத்தனை பேர் காலையும் மிதித்து வெளியே வருவதற்குள், வீட்டில் தொலைக்காட்சி பார்க்கிறவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். ஆகவே, பரிசு பெறப் போகிறவரை ஓரத்தில் உட்கார வைப்பது அந்தத் தொழிலின் வழக்கம். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் எல்லோரும் பரிசு பெறுபவர் அல்லர் என்பதும் அதே தொழிலின் உண்மைதான். முன்னதை எல்லோரும் நம்பினார்கள். பின்னதை ஒரே ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேச்சு அம்பலம் ஏறவில்லை.

அந்த ஒருவரை எல்லோரும் நாற்காலி அக்கா என்பார்கள். விழா நடக்கிற அரங்கத்தில் அவருக்கு மேற்பார்வையாளர் வேலை. அதற்கு முன் ஒரு திரையரங்கில் நுழைவுச்சீட்டு கிழித்துக்கொண்டிருந்தார். கைவிளக்கை ஆட்டி ஆட்டி ஆட்களை இருட்டில் உட்கார வைத்த அந்தக் காலத்தில்தான், மனிதனுக்கு எங்கே உட்காருகிறோம் என்பதைவிட யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறோம் என்பதே முக்கியம் என்று கண்டுகொண்டார். அரங்கத்துக்கு வந்த பிறகு, பழைய புத்தகக் கடையில் வாங்கிய வரைபடப் பாடநூலை வைத்துக்கொண்டு, மண்டபத்தை அளவு மாறாமல் தாளில் வரையத் தாமே பழகினார். ஒவ்வோர் ஆண்டின் வரைபடத்தையும் சுருட்டி, உறையில் இட்டு, ஆண்டு எழுதி வைத்தார். வந்த செய்திகள், கேட்ட வேண்டுகோள்கள், மறுத்த காரணங்கள் எல்லாம் கோப்புகளில் ஏறின.

"நம்ம கல்யாணப் பத்திரிகையைத் தேடினேன். 'இதர ஆவணங்கள்'னு எழுதின ஃபைல்ல இருக்கு" என்று அவருடைய வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்.

நாற்காலி போடுவது வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. போட்டுப் பார்த்தவர்கள் கேட்பதில்லை. ஒரு காலத்தில் கணவன் மனைவியாக இருந்த இருவரை ஒரே வரிசையில் வைக்கக் கூடாது. வேறு வேறு வரிசையில் வைத்தாலும் ஒருவர் முதுகை மற்றவர் பார்த்துக்கொண்டிருக்கும்படி வைக்கக் கூடாது. உயரமான கொண்டை போடும் நாயகிக்குப் பின்னால் குள்ளமான தயாரிப்பாளரை வைக்கக் கூடாது. தூங்கிவிடுகிற இயக்குநரைக் கேமராவின் கண்ணில் படாத மூலையில் வைக்க வேண்டும். அது மூலை என்று அவருக்குத் தெரியவும் கூடாது. எப்படிப் போட்டாலும் யாராவது ஒருவருக்கு மனத்தாங்கல் வரும். ஆண்டு முழுவதும் உழைத்துப் பகை சம்பாதிக்கிற அந்த வேலையை வேறு யாரும் கேட்டு வரவில்லை. கேட்டு வராததால், அக்காவை யாரும் விடவும் இல்லை.

விழா முடிவுகள் முன்கூட்டியே தெரிந்தவர்கள் மூன்றே பேர். வாக்குகளை எண்ணிய தணிக்கையாளர், விழாக் குழுவின் செயலாளர், ஓரத்தில் யாரை வைப்பது என்று முடிவு செய்ய வேண்டிய நாற்காலி அக்கா. நடிகர்களின் மேலாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விழா நெருங்கினால் அவருடைய தொலைபேசி ஓயாது.

"அக்கா, சௌக்கியமா? சும்மாதான் பண்ணேன். எங்க சாருக்கு ஓரமா, நடுவுலயா?"

"நல்ல இடமாத்தான் போட்டிருக்கேன் தம்பி."

"நல்ல இடம்னா... காலை நீட்டுற மாதிரியா, மடக்குற மாதிரியா?"

"வந்து உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்க."

இப்படி நழுவுவது அவருக்குக் கைவந்த கலை. போதாக்குறைக்கு, பரிசு பெறாத சிலரையும் வேண்டுமென்றே ஓரங்களில் உட்கார வைத்துக் கணக்கைக் குழப்பிவிடுவார். அப்படி இருந்தும் பழி வந்தது. வாய் திறந்ததால் வரவில்லை. ஒரு முழங்காலுக்கு இரக்கப்பட்டதால் வந்தது.

அந்த முழங்கால் ஒரு குணச்சித்திர நடிகருடையது. ஆயுள் முழுக்கக் காவல்துறை அதிகாரியாகவே நடித்ததால் எல்லோரும் அவரை இன்ஸ்பெக்டர் என்றே அழைத்தார்கள். தெருவில் அவரைக் கண்டால் தலைக்கவசம் இல்லாமல் வண்டி ஓட்டுகிறவர்கள் பதறினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் துணை நடிகருக்கான விருதுப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. விழாவுக்குச் சற்று முன்புதான் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அவருடைய ஓட்டுநர் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஐயாவால காலை மடக்க முடியலம்மா" என்றார். அக்கா வரைபடத்தில் அவர் பெயரை அழித்து, ஓரத்தில் எழுதினார். விருது அவருக்கு இல்லை என்பது அக்காவுக்குத் தெரியும். வலிக்கும் காலுக்கும் விருதுக்கும் என்ன தொடர்பு என்று நினைத்தார்.

இன்ஸ்பெக்டர் தொடர்பைக் கண்டுபிடித்துவிட்டார். ஓரச் சீட்டைக் கண்டதும், வெளியே காரில் காத்திருந்த தங்கையையும் மைத்துனரையும் உள்ளே வரவழைத்தார். உறையைப் பிரித்தவர், "விருது பெறுபவர்..." என்று இழுத்த இடைவெளியில், இவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். அழைக்கப்பட்ட பெயர் இரண்டு வரிசை பின்னால் இருந்தவருடையது. நின்றவர் உட்காரவும் முடியாமல், நடக்கவும் முடியாமல், திரும்பி அந்த ஆளுக்குக் கைதட்டினார். கேமரா அவர் முகத்தை விட்டு விலகவில்லை. மறுநாள் ஊரில் அந்தக் காட்சியைப் பார்க்காத கைப்பேசி இல்லை.

செயலாளர் அவரிடம் போய், "முன்னாடியே எழுந்தீங்களே, யார் சொன்னது?" என்று கேட்டார். ஒரு நாற்காலியைப் பார்த்து ஏமாந்தேன் என்று சொல்ல, அத்தனை படங்களில் கொலைகாரர்களைப் பிடித்த மனிதருக்கு நா எழவில்லை. "உறுதியான இடத்துலருந்து தகவல் வந்தது" என்றார்.

உறுதியான இடங்கள் மூன்று. தணிக்கையாளர் மேல் கை வைக்க முடியாது. செயலாளர் தம் மேலேயே கை வைத்துக்கொள்ளப் போவதில்லை.

அக்கா தம் கோப்பைத் தூக்கிக்கொண்டு போனார். ஓட்டுநர் அழைத்த குறிப்பு, பழைய வரைபடம், திருத்திய வரைபடம், திருத்தத்தின் காரணம் என்று ஒவ்வொன்றாக மேசைமேல் பரப்பினார். செயலாளர் அவற்றைத் தொடக்கூட இல்லை.

"ஏம்மா, தப்பு பண்ணாதவங்க இவ்வளவு பேப்பர் சேர்த்து வெப்பாங்களா?"

அதற்குப் பதில் சொல்லும் தாள் எந்தக் கோப்பிலும் இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் விசித்திரம். அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒவ்வோர் ஆண்டும் விழாவுக்கு முந்தைய வாரம் முழுவதும், மேடைக்குப் பின்னால் உள்ள ஜன்னல் இல்லாத சாமான் அறையில் உட்கார்ந்து இருக்கைகளை அமைக்க வேண்டும், உறங்குவதும் அங்கேயே, கைப்பேசி செயலாளரின் இழுப்பறையில், வாசலில் காவல் என்று ஏற்பாடு செய்தார்கள். திருடி என்று பட்டம் கட்டிவிட்டுச் சாவிக்கொத்தையும் அவர் இடுப்பிலேயே செருகிய கதை இது.

விட்டுப் போய்விடலாம்தான். ஆனால் அந்தத் தொழிலில் மண்டபங்கள் குறைவு, வாய்கள் அதிகம். வீட்டுக்காரருக்கு வேறோர் ஊருக்கு மாற்றலாகி, அவர் அங்கே ஒற்றை அறையில் பொங்கித் தின்றுகொண்டிருந்தார். அந்த ஊரில் புதிதாக ஓர் அரங்கம் திறக்க இருந்தார்கள். மேற்பார்வையாளர் வேலைக்கு அக்கா விண்ணப்பித்தார். அரங்க மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார், கடைசியில் மட்டும், "அந்த விருது விழா விஷயம் என்னாச்சும்மா?" என்று கேட்டார். அது தெளிவானால் வேலை உண்டு. புருஷன் பெண்டாட்டி ஒரே கூரையின் கீழ் வாழ்வது அந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த ஆண்டும் அக்கா அறைக்குள் போனார். சுவரில் வரைபடம். சுற்றிலும் அட்டை முகங்கள். ஒத்திகையின்போது கேமராக்காரர்கள் யார் எங்கே என்று பழகிக்கொள்வதற்காக, ஒவ்வொரு நடிகரின் படத்தையும் அட்டையில் ஒட்டிக் குச்சியில் செருகி நாற்காலிகளில் நிறுத்துவார்கள். அதுவரை அத்தனை முகங்களும் அக்காவோடுதான் குடியிருக்கும். சாய்த்து வைத்தால் கூரையைப் பார்த்துச் சிரிக்கும்; நிமிர்த்தி வைத்தால் அவரையே பார்த்துச் சிரிக்கும். இன்ஸ்பெக்டர் மட்டும் முறைத்தார். அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார் அக்கா.

வாசலில் இருந்த காவல்காரப் பெண் நல்ல மாதிரி. வீட்டுக்காரர் அவளுடைய கைப்பேசிக்குத்தான் அழைப்பார். அவள் கதவைத் திறக்காமல் இரு தரப்புக்கும் தூது சொல்வாள்.

"அக்கா, சாப்பிட்டியான்னு கேக்குறாரு."

"சாப்பிட்டேன்னு சொல்லு."

"என்ன சாப்பிட்டன்னு கேக்குறாரு."

"நேத்து சாப்பிட்டதையேதான்."

"நீ குடுத்து வெச்சவளாம். அவரு சமைச்சது அவருக்கே தொண்டையில இறங்கலையாம்." அவள் குரல் தணிந்தது. "அக்கா, அந்தப் புது மண்டபத்து மேனேஜர் திரும்பவும் கேட்டாராம். விழா முடிஞ்ச மறுநாள் உங்க செயலாளர்கிட்டயே பேசிடப் போறாராம். அவர் ஒரு வார்த்தை நல்லதா சொன்னா போதுமாம்."

செயலாளர் வாயிலிருந்து நல்ல வார்த்தை! கல்லில் நார் உரிப்பதுகூட இதைவிட எளிது.

மறுநாள் செயலாளர் முடிவுகள் கொண்ட உறையோடு உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார்.

"துணை நடிகர் விருது யாருக்குன்னு பாருங்க."

இன்ஸ்பெக்டர் பெயர் இருந்தது. அக்கா சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அவரு ஒரு நிபந்தனை போட்டிருக்காரு" என்றார் செயலாளர். "ஓரச் சீட்டு குடுத்தா வாசலோட திரும்பிப் போயிடுவாராம். நடு சென்டர்ல வேணுமாம். பட்டது போதும்ங்கறாரு."

"நடுவுலருந்து அவரால வெளியில வர முடியாதுங்கய்யா. இப்போ ரெண்டு முட்டியும் போச்சு. தடி வெச்சுக்கிட்டுத்தான் நடக்கறாரு."

"அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க? அவருக்கு முன்கூட்டித் தெரியவும் கூடாது, மேடைக்கு வர்றதுக்கு நேரமாகவும் கூடாது. இந்தத் தடவையும் ஏதாவது ஏடாகூடம் ஆச்சுன்னா... நான் சொல்லணுமா என்ன?"

சொல்ல வேண்டியதில்லை. ஓரத்தில் வைத்தால் வந்தவர் திரும்பிப் போவார், பழி அக்காவுக்கு. நடுவில் வைத்தால் முழங்கால்களுக்கிடையே சிக்கித் தடுமாறுவார், பழி அக்காவுக்கு. இருதலைக் கொள்ளி எறும்புக்குக்கூட நடுவில் கொஞ்சம் இடம் இருக்கிறது. அக்காவுக்கு நான்கு சுவரும் அத்தனை அட்டை முகங்களும்தான் இருந்தன. இன்ஸ்பெக்டரைத் திருப்பி வைத்து, அவர் முறைப்பை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனிதரை ஓரத்துக்குக் கொண்டுபோகத்தானே கூடாது. ஓரத்தை மனிதரிடம் கொண்டுவரலாமே என்று அவருக்குத் தோன்றியது, அட்டைகளைச் சாப்பாட்டுக்காக ஒதுக்கி இடம் பண்ணிக்கொண்டிருந்தபோது.

அந்த விழாக்களில் இடம் நிரப்புபவர்கள் என்று சிலர் உண்டு. நல்ல உடை உடுத்தி ஓரமாக நிற்பார்கள். ஒரு நட்சத்திரம் எழுந்து வெளியே போனால், கேமராவில் வெற்று நாற்காலி தெரியாதபடி ஓடிப்போய் உட்கார்ந்துகொள்வார்கள். அவர் வந்ததும் எழுந்துவிடுவார்கள். இன்ஸ்பெக்டரை அக்கா வரிசையின் நட்ட நடுவில் வைத்தார். அவருக்கு இடப்பக்கம், நடைபாதை வரையுள்ள நாற்காலிகளில் நட்சத்திரம் எவரையும் வைக்காமல், முழுவதும் இடம் நிரப்புபவர்களையே உட்கார வைத்தார். விளம்பர இடைவேளையில் தாம் கைகாட்டியதும் அவர்கள் எழுந்து போய்விட வேண்டும். ஏன் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. வேறு யாரும் மோப்பம் பிடிக்காமல் இருக்க, மாலை முழுவதும் மண்டபத்தின் வெவ்வேறு வரிசைகளில் இப்படி ஆட்கள் எழுந்து போவதும் வந்து உட்காருவதுமாக ஏற்பாடு செய்தார்.

விழா தொடங்கியது. இருக்கைகளில் குளறுபடி வந்தால் சரிசெய்ய வேண்டியிருந்ததால் விழாவின்போது மட்டும் அவருக்கு மண்டபத்தில் நிற்க அனுமதி உண்டு. சுவரோரம் நின்றார். இன்ஸ்பெக்டர் தடியை இரு கைகளாலும் பிடித்தபடி, தங்கைக்குப் பக்கத்தில், நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். நடுச் சீட்டு. எதிர்பார்ப்பு இல்லாதவன் முகத்தில் ஒரு களை இருக்கும், அது இருந்தது.

விளம்பர இடைவேளை வந்தது. அக்கா கையை உயர்த்தினார். இடப்பக்க வரிசை எழுந்து கலைந்தது. இன்ஸ்பெக்டர் காலியான நாற்காலிகளைப் பார்த்தார். தங்கையிடம் குனிந்து, சுவரோரம் நின்ற அக்காவுக்கும் கேட்கும் குரலில் சொன்னார்:

"பாத்தியா? பக்கத்துல உட்காரக்கூட எவனுக்கும் பிடிக்கல."

"நீ பேசாம இரு அண்ணா. வந்தோமா, கைதட்டினோமா, போனோமான்னு இரு."

விளக்குகள் மாறின. உறை பிரிந்தது. "விருது பெறுபவர்..." என்ற இழுப்பு வந்தது. இன்ஸ்பெக்டர் தடியை இறுகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவர் பெயர் ஒலித்தது. மண்டபம் கைதட்டியது. அவர் எழவில்லை.

இசை ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் காதிலிருந்த கருவியில் நிகழ்ச்சி இயக்குநர் கரடியாய்க் கத்தினார்: "ஏன் எழுந்திரிக்க மாட்டேங்கறாரு? யாராவது எழுப்புங்கய்யா!" தங்கை தோளைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணா, உன் பேர்தான்! சத்தியமா உன் பேர்தான்!" அவர் நம்பவில்லை. ஒருமுறை சுட்டுக்கொண்ட கை. தலையைத் திருப்பினார். காலி நாற்காலிகளின் நீளத்துக்குப் பார்வையை ஓட்டி, அதன் முடிவில் சுவரோரம் நின்ற அக்காவைப் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் அக்காவுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது: ஜன்னல் இல்லாத அறை, மேசைமேல் தொடப்படாத தாள்கள், ஒற்றை அறையில் இறங்காத சோறு. தலையை ஆட்டாமல் நின்றால் போதும். மனிதர் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

அக்கா தலையை அசைத்தார்.

அவர் எழுந்தார். யார் முழங்காலும் தடுக்கவில்லை. இசை ஓய்வதற்குள் மேடையில் இருந்தார்.

"உட்காருங்க, உட்காருங்க" என்றார் ஒலிபெருக்கியில். "நான் ஏன் இவ்வளவு லேட்டா எழுந்தேன்னா, போன தடவை ரொம்ப சீக்கிரம் எழுந்துட்டேன்."

மண்டபம் அதிர்ந்தது. கைதட்டலின் சுவை ஏறியவர் நிறுத்தவில்லை.

"அன்னைக்கு எனக்கு யாரோ ரகசியத்தைச் சொல்லிட்டாங்கன்னு பேசிக்கிட்டாங்க. நானும் ஆமான்னுட்டேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. முட்டி வலிக்குதேன்னு பரிதாபப்பட்டு ஓரமா ஒரு சீட்டு போட்டாங்க. அதைப் பார்த்துட்டு எனக்கு நானே விருது குடுத்துக்கிட்டேன்! எத்தனை படத்துல துப்பு துலக்கியிருக்கேன். வாழ்க்கையில சொந்தமா துலக்கினது ஒண்ணே ஒண்ணு. அதுவும் தப்பு!"

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை; அக்காவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எந்தக் கேமராவும் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. இருந்தாலும் நடந்தது நடந்ததுதான். கோப்பு கோப்பாகச் சேர்த்த தாள்களால் ஆகாததை ஒரு வேடிக்கைப் பேச்சு செய்துவிட்டது. அக்கா சுவரில் சாய்ந்து, சிரிக்கிற கூட்டத்தை ஒரு வரிசை விடாமல் பார்த்தார். பிறகு இடம் நிரப்புபவர்களுக்குக் கைகாட்டினார். காலி நாற்காலிகள் நிரம்பின.

மறுநாள் காலை செயலாளர் கைப்பேசியைத் தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார், இதுவும் புதிது.

"அம்மா, உங்க மேல சந்தேகப்பட்டதை மறந்துடுங்க. இப்போ வேற தலைவலி. ஓரச் சீட்டுன்னா என்னன்னு டீக்கடை வரைக்கும் தெரிஞ்சு போச்சு. இனிமே நேத்து பண்ணீங்களே, ஆளுங்களை எழுப்பி வழி விடறது, எல்லா விருதுக்கும் அதேதான். உங்களைத் தவிர யாருக்கு வரும்? ஒரு வாரம்லாம் பத்தாது. ஒரு மாசம் முன்னாடியே உள்ள வந்துடுங்க. அறைக்கு ஒரு ஃபேன் போட்டுத் தரச் சொல்றேன்."

அக்கா மென்று விழுங்கினார். "ஐயா, அந்த ஊர் மண்டபத்து மேனேஜர் உங்ககிட்ட பேசறதா..."

"பேசினாரே! உங்களைப் பத்தி நான் சொன்ன மாதிரி யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. இவ்வளவு நம்பிக்கையான ஆளைப் பார்க்கவே முடியாதுன்னேன். அதனாலதான் எந்தக் காலத்துலயும் விடமாட்டோம்னும் சொல்லிட்டேன். அவருக்கும் புரிஞ்சு போச்சு. நாளைக்கு நம்ம விழாவை அவங்க மண்டபத்துல நடத்தணும்னு ஆசைப்படறவர், நம்மகிட்ட இருக்கற ஆளையா இழுப்பார்?"

செயலாளர் முகத்தில் மெய்யான பாசம் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. கோபப்பட்டவரிடம் வாதாடலாம், பாசம் வைத்தவரிடம் எந்தக் கோப்பை நீட்டுவது?

வீட்டுக்காரர் முதல் பேருந்திலேயே கிளம்பி வந்திருந்தார். அக்கா மண்டபத்துக்குள் வந்தபோது மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை நாற்காலிகளுக்கு நடுவே, முன்வரிசையில், நடைபாதையை ஒட்டி அவர் உட்கார்ந்திருந்தார். பணிமனைச் சட்டை, விரலிடுக்கில் போகாத கறை.

"அங்க உட்காராதீங்க. அது பெரிய ஹீரோ உட்கார்ந்த சீட்டு."

"ஓரச் சீட்டுதானே? நான் எதையாவது ஜெயிச்சிருக்கேனான்னு பார்க்க உட்கார்ந்தேன்."

அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. காலை ஒடுக்கி வழிவிட்டார். அக்கா அவரைத் தாண்டி உள்ளே போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கெட்ட பேர் எடுத்தப்பவும் விடல, நல்ல பேர் எடுத்தப்பவும் விடல" என்றார் அவர். "ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது பேர் இருந்தா எடுத்துப் பாரேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்து இருவரும் மேடையைப் பார்த்தார்கள். வேலையாட்கள் மேடைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மத்தியான பஸ் இருக்கு" என்றார் அவர். "நான் எழுந்தா நீயும் எழுந்து வருவியா?"

சாமான் அறையின் கதவு அங்கிருந்தே தெரிந்தது. விரியத் திறந்து கிடந்தது. காவல்காரப் பெண் வீட்டுக்குப் போயிருந்தாள். உள்ளே, ஒத்திகை முடிந்து குவித்துப் போட்ட அட்டை முகங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"அந்த அட்டைங்களை மட்டும் அடுக்கி வெச்சுடறேன்" என்றார் அக்கா. "அப்படியே விட்டா மடங்கிப் போயிடும். அடுத்த வருஷத்துக்கு வேணும்."

அவர் காலை ஒடுக்கி வழிவிட்டார்.